ரேவதி கேலி

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. "பாக்கி சப்" என்ற எங்கள் வாட்ஸப் குழுவில் ஷீத்தல் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். கையெல்லாம் மாவு. விரல் கணுவால் அழுத்திக் கேட்டேன். ஷீத்தலுக்குச் சுருக்கமாகப் பேசத் தெரியாது, பால் பொங்கியதைச் சொல்லவே பத்து நிமிடம் எடுத்துக்கொள்வாள். அன்று இரண்டே சொற்கள் வந்தன. "ரேவதி கேலி."

மராத்தியில் அதற்கு ரேவதி போய்விட்டாள் என்று பொருள். காய்கறி வண்டிக்காரரிடம் மராத்தியிலேயே சண்டை போடும் அளவுக்கு இந்தப் புனேயில் தேறிவிட்ட எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் காதில் முதலில் விழுந்தது தமிழ்ச் சொல்தான். ரேவதி கேலி. ரேவதி ஏதோ கேலி செய்கிறாள். சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஃப்ரிட்ஜ்தான் இருந்தது.

ஏன் திரும்பினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் தமிழ் வட்டத்து இதழைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் எண்ணை மூன்று மொழிகளில் கூவியழைக்கும் அம்மாவாகத் தெரிந்திருக்கும். வாகட் குடியிருப்புக்காரர்களுக்கு, ஞாயிறு காலையில் கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கத்தும் ஆன்ட்டியாகத் தெரிந்திருக்கும். எனக்கு அவளை ஒன்பதாம் வகுப்பிலிருந்து தெரியும். ரேவதி இருந்திருந்தால் இதைப் படித்து முடிக்க அவளுக்கு அரை நாள் ஆகியிருக்கும். தமிழில் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "நீயே வாசிச்சுக் காட்டு, எனக்குக் கண்ணு வலிக்கும்" என்று சொல்லித் தப்பித்திருப்பாள்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அப்பா ராணுவத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒரு முறை விடுப்பில் வந்துபோகிறவரை எனக்குச் சுவரில் மாட்டிய புகைப்படத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். புனேயில், வானவடியில் அவருக்குக் குடும்பக் குடியிருப்பு கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவளுக்கு இந்தியில் ஓர் எழுத்துத் தெரியாது. மராத்தி என்று தனியாக ஒன்று இருப்பதே ரயிலில் வரும்போதுதான் தெரிந்தது. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியை அப்பாவிடம் நெடுநேரம் ஏதோ சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அதை எனக்குச் சொன்ன விதம் இது: "தீவாளி லீவு வரைக்கும் பாப்போம். ஒனக்கு ஒத்துவரலேன்னா அத்தை வீட்ல இருந்து ஊர்லயே படி. ஒண்ணும் கட்டாயம் இல்ல பிள்ள."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது கெடு வைத்த மாதிரி இருந்தது. அத்தை வீட்டில் சோறு உண்டு, பள்ளி உண்டு, பேச்சுத்துணை உண்டு. அப்பா கிடையாது. அவர் காலையில் கன்னத்தில் நுரை பூசி ஷேவ் செய்துகொள்வதை அந்த ஜூன் மாதத்தில்தான் முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுப் போக எனக்கு மனமே இல்லை. அங்கே இருக்க வேண்டுமென்றால் பள்ளியில் ஒட்ட வேண்டும். பள்ளியில் நானோ வாயே திறப்பதில்லை.

ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் கலந்த வகுப்பு எங்களுடையது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், இடைவேளையில் ஷீத்தல் கதவோரம் நின்று எதையோ கேட்டாள். ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை தேறாமல் மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தவள் அவள், எங்களைவிட ஒரு தலை உயரம். உள்ளேயிருந்த ஒருத்தி என் பக்கமாகப் பார்த்துக்கொண்டே "கேலி" என்றாள். இன்னொருத்தியும் "ஹோ, கேலி" என்றாள். யாரோ சிரித்தார்கள். எத்தனையோ நாட்களாக ஒரு சொல்லும் பிடிபடாமல் உட்கார்ந்திருந்தவளுக்குப் பிடிபட்ட முதல் சொல் அது. எழுந்து போய் ஷீத்தலின் பின்னலைப் பிடித்து இழுத்து, "யாரைட்டி கேலி பண்ணுதிய?" என்று கத்தினேன்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் தமிழில் கேட்டது. "ஏய், விடு விடு, அவ முடி பாவம்! உன்னைச் சொல்லல. நான்தான் கேலி!"

திரும்பினேன். கையில் தண்ணீர் பாட்டிலோடு, ஓடி வந்ததில் மூச்சு வாங்க, இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி நின்றாள். "இவ கேட்டா, ரேவதி எங்கேன்னு. அவ சொன்னா, ரேவதி கேலி. கேலின்னா போயிட்டான்னு அர்த்தம். தண்ணி புடிக்கப் போயிட்டா. நான்தான் ரேவதி. இதோ பாரு, வந்துட்டேன்."

ஷீத்தல் தலையைத் தடவிக்கொண்டே மராத்தியில் ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று ரேவதியைக் கேட்டேன். "உனக்கு நல்ல பலம் இருக்காம், வீட்ல என்ன சாப்பாடுன்னு கேக்கறா" என்றாள். ஷீத்தல் உண்மையில் சொன்னது என்ன என்று மராத்தி கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரமே விளையாட்டு அணிகளுக்கு ஆள் எடுத்தார்கள். கூடைப்பந்து, தடகளம், பூப்பந்து என்று பெயர் கூப்பிடக் கூப்பிட வரிசை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் யாரும் கூப்பிடாத நாங்கள் சுவரோரம் நின்றோம். உடற்பயிற்சி ஆசிரியர் ஜாதவ் சார் எங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், "பாக்கி சப், கோகோ" என்றார். மிச்சமெல்லாம் கோகோ. பாக்கி என்ற சொல் எனக்குப் புரிந்தது, அது நம்மூர் பாக்கிதானே. அவமானமாக இருந்தது, தலையைக் குனிந்துகொண்டேன். ரேவதி பட்டம் வாங்கியவள் மாதிரி குதித்தாள். "கேட்டியா? நம்ம டீமுக்குப் பேரு வந்துடுச்சு! பாக்கி சப்!"

அந்தப் பாக்கியில் ஷீத்தலும் இருந்தாள், தேறாதவளை யார் எடுப்பார்கள்? மணிப்பூரிலிருந்து வந்த தோம்பியும் இருந்தாள். எந்த நாட்டுக்காரி என்று கேட்டுக் கேட்டே வகுப்புப் பிள்ளைகள் அவளை ஒரு மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். நான் அவளை வாய் நிறையத் "தம்பி" என்று கூப்பிடுவேன். அது தன் பெயரின் தமிழ் உச்சரிப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள். இன்றுவரை யாரும் திருத்தவில்லை. தோழிகளே, இந்த வரியை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

ரேவதிக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். அவளுடைய அப்பாவே புனேயில் பிறந்தவர், மராத்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் வகுப்பில் அவள் மதராசிதான். தமிழர்கள் கூடும் இடங்களுக்குப் போனாலோ அவள் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். வேண்டாம் என்பதற்கு அவளுக்கு மராத்தி "நக்கோ"தான் வரும். "அழ நக்கோ" என்பாள், "கோவிச்சுக்க நக்கோ" என்பாள். ஒருநாள் அவளே சொன்னாள்: "எனக்கு மூணு பாஷை வரும் செல்வி. மூணுலயும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. அதான் அவங்களுக்கு முன்னாடி நானே சிரிச்சுடறேன்." அந்த வயதில் எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

கோகோ ஆடிப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. துரத்தும் அணியில் எட்டுப் பேர் நீள வரிசையாகக் குந்தி உட்கார வேண்டும். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவள் அந்தப் பக்கம். ஒன்பதாவது ஆள் ஒருத்தி மட்டுமே எதிரணியைத் துரத்துவாள். அவள் வரிசையைக் குறுக்கே தாண்டக் கூடாது. எதிராளி அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டால், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகைத் தொட்டு, "கோ" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அவள் எழுந்து ஓடுவாள். சொன்னவள் அவளுடைய இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கையும் குரலும் சேர்ந்து வர வேண்டும். தொட்டுவிட்டுச் சொல்லாமல் விட்டால் ஃபவுல், சொல்லிவிட்டுத் தொடாமல் விட்டாலும் ஃபவுல்.

எனக்குக் கால் நன்றாக ஓடியது, குரல்தான் வரவில்லை. மாதக் கணக்கில் பள்ளியில் பேசாமல் இருந்தவளிடம் ஊர் கேட்கக் கத்து என்றால் எங்கிருந்து வரும்? நான் தொடுவேன், உதடு அசையும், ஜாதவ் சார் விசில் ஊதுவார். குந்தி உட்காருவதிலும் தகராறு. முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது, திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அதற்கு ரேவதி ஒன்று சொன்னாள்: "பின்னாடி பாக்க நக்கோ. எவளாவது வருவா. எவளும் வரலேன்னா நான் வருவேன்." அதன் பிறகு நான் திரும்பவில்லை.

குரலுக்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். "உங்க ஊர்ல நாய் பின்னாடி வந்தா என்ன சொல்லுவே?"

"போன்னு சொல்லுவேன்."

"சத்தமாவா?"

"தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

"அப்புறம் என்ன? அதையே சொல்லு. 'போ'வுக்கு பதிலா 'கோ' போடு. ஒரே எழுத்து."

அன்று மாலை நாயை நினைத்துக்கொண்டு ஓடினேன். குரல் பீறிட்டு வந்தது. மைதானத்துக்கு வெளியே சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். தோம்பி கை தட்டினாள். ஷீத்தல் வந்து என் முதுகில் ஒன்று போட்டாள், பின்னலுக்குப் பழி தீர்த்துக்கொண்டாளோ என்னவோ.

தீபாவளி விடுமுறை நெருங்கிய நேரத்தில் பள்ளிகளுக்கிடையே போட்டி வந்தது. எதிரணி ஒரு மராத்திப் பள்ளி. அந்தப் பிள்ளைகள் பிறக்கும்போதே குந்தி உட்கார்ந்துதான் பிறந்திருப்பார்கள் என்று ரேவதி சொன்னாள். அப்படிப்பட்டவர்களோடு நாங்கள் ஈடுகொடுத்து ஆடியதே ஜாதவ் சாருக்கு நம்ப முடியாத காட்சி. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரே ஒருத்தியைத் தொட்டுவிட்டால் வெற்றி என்ற நிலை. நான் அவளைத் துரத்தினேன். விரல் நுனியில் நழுவி அந்தப் பக்கம் பாய்ந்தாள். என் எதிரே ரேவதியின் முதுகு. வியர்வையில் சட்டை ஒட்டிக்கிடந்த அந்த முதுகில் ஓங்கி அறைந்து, உயிரைக் கொடுத்துக் கத்தினேன். "போ!"

ரேவதி எழுந்து பாய்ந்து அந்தப் பெண்ணைத் தொட்டும்விட்டாள். விசில் ஊதியது. நடுவர் என்னைக் காட்டி, "காய் மணாலி?" என்றார். என்ன சொன்னாள் இவள்? ரேவதி அவரிடம் ஓடினாள். எங்கள் மொழியில் கோ என்பதற்கு அதுதான் சொல், ஓடு என்றுதானே பொருள், போ என்றாலும் அதேதான், மொழி மாறினால் ஆட்டம் மாறிவிடுமா என்று மராத்தியில் கைகளை ஆட்டி ஆட்டி வாதாடினாள். நடுவர் நல்ல மனிதர். முழுவதும் கேட்டார், சிரித்தார், செல்லாது என்றார். நேரம் முடிந்தது. தோற்றோம்.

"அழ நக்கோ" என்று ரேவதி வழியெல்லாம் சொன்னது காதில் ஏறவில்லை. மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாளும் வலித்தது. அப்பா கட்டிலருகே வந்து நின்று, "சரி பிள்ள, ஒனக்கு இது ஒத்துவரல போல. அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிருதேன்" என்றார். போர்வைக்குள் கிடந்த எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. எந்த முகத்தோடு சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே சொல்லை வைத்து அணியையே கவிழ்த்துவிட்டு வந்திருந்தேன்.

அன்று மாலை மூன்று சைக்கிள்கள் எங்கள் வாசலில் வந்து நின்றன. ரேவதி, ஷீத்தல், தோம்பி. அம்மாவுக்கு ஒரே பரபரப்பு. ஜூன் மாதத்திலிருந்து அந்த வீட்டுக்கு விருந்தென்று யாரும் வந்ததில்லை. தோசை ஊற்றினாள். ஷீத்தல் எத்தனை தின்றாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ரேவதியின் தட்டில் அம்மா இன்னொரு தோசையைப் போடப் போனபோது அவள் தட்டைக் கையால் மூடி, "நக்கோ ஆன்ட்டி, நக்கோ" என்றாள். அம்மா தட்டைப் பார்த்தாள், ரேவதியைப் பார்த்தாள். "சட்னி வேணும்னா கேளு பிள்ள. தட்ட எதுக்கு நக்கணும்?" என்றாள். படுக்கையில் கிடந்த நான் எழுந்து உட்கார்ந்து சிரித்தேன். ரேவதிக்கு விஷயம் புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் தோசை புரையேறிவிட்டது.

போட்டியைப் பற்றி அவர்கள் மூச்சுவிடவில்லை. கிளம்பும்போது ஷீத்தல் வாசற்படியில் நின்று அம்மாவிடம், "யேத்தே, காக்கு" என்றாள். என்ன சொல்கிறாள் என்று அம்மா கேட்டாள்.

"வரேன் ஆன்ட்டின்னு சொல்றா" என்றாள் ரேவதி. "இங்கெல்லாம் போகும்போது போறேன்னு சொல்ல மாட்டாங்க. வரேன்னுதான் சொல்லணும். போறேன்னு சொன்னா இவ அம்மா வாயிலயே போடுவாங்க."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இங்கயுமாட்டி?" என்றாள். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். வேற்று நாட்டில் கொண்டுவந்து விட்டார்கள் என்று நினைத்து வாசல் தாண்டாமல் கிடந்தவள் அவள். அப்பா வேலை முடிந்து வந்ததும், "அத்தைக்குப் போனும் போட வேண்டாம் ஒண்ணும் போட வேண்டாம்" என்றாள். "பிள்ள இங்கயே இருக்கட்டும். நம்மள மாதிரித்தான் இருக்காவ. போகும்போது வாரேன்னு சொல்லுதாவ." எத்தனையோ வருடங்கள் இந்த ஊர்க்காரர்களோடு வேலை பார்த்திருந்தும் அப்பா அதைக் கவனித்ததில்லை. சரி என்றார்.

மறுநாள் நான் மைதானத்துக்குப் போனபோது வரிசை முழுக்கப் "போ" என்று கத்திக்கொண்டிருந்தது. தோம்பி போ, ஷீத்தல் போ, என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசாத பிள்ளைகளெல்லாம் போ. ரேவதி எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். "யே போ க்யா ஹை?", இதென்ன போ, என்று ஜாதவ் சார் தலையில் அடித்துக்கொண்டார். அதன் பலன் அடுத்த போட்டியில் தெரிந்தது. ஷீத்தலே பழக்க தோஷத்தில் "போ" என்று கத்தி ஃபவுல் வாங்கினாள். நானும் ரேவதியும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். தன் அணி ஃபவுல் வாங்கியதற்காக இப்படிக் குதித்தவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்தப் பள்ளியில் வாய்க்கவில்லை. தீபாவளி வந்தது, போனது. நான் ஊருக்குப் போகவில்லை. இன்றும் வானவடியில்தான் இருக்கிறேன்.

வருடங்கள் ஓடின. ரேவதி வங்கியில் சேர்ந்தாள், திருமணமாகி வாகட்டுக்குப் போனாள். நான் இங்கே ஒரு பள்ளியில் இந்தி ஆசிரியை ஆனேன். "இதுதான் நிஜமான கேலி" என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

வாகட்டில் அவள் செய்ததை அங்கிருப்பவர்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் லக்னோவிலிருந்தும் ஐடி வேலைக்கு வந்த குடும்பங்கள். கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிக்கும்போது ஊருக்குப் புதிய பிள்ளைகள் எப்போதும் மிஞ்சுவார்கள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ரேவதி ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வந்து, "பாக்கி சப், இங்க வாங்க!" என்றாள். கார்களை நகர்த்தச் சொன்னாள். தரைக்கல் பெயர்ந்துவிடும் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் சண்டைக்கு வந்தார். அவருடைய மகளையே வரிசையில் உட்காரவைத்துவிட்டாள். பிறகு அவர் வாய் திறக்கவில்லை. அங்கே ஒரு விதி உண்டு: "என் கிரவுண்டுல 'போ' ஃபவுல் இல்ல." அவரவர் வீட்டு மொழியில் என்ன வருகிறதோ அதைச் சொல்லிக்கொள்ளலாம். நானும் சில ஞாயிறுகளில் போய் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். ஆட வா என்பாள். முழங்கால் வலி என்பேன். "வயித்து வலி முழங்காலுக்கு இறங்கிடுச்சா?" என்பாள்.

நோய் வந்ததை எங்களிடம் தாமதமாகத்தான் சொன்னாள். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவள் உடம்பு குறைந்தது, பேச்சு குறையவில்லை.

கடைசியாக அவளை மருத்துவமனையில் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டால் சிரமப்பட்டுத் திரும்புவாளே என்று கூப்பிடாமல் அருகே போய் முதுகில் கை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது. அவள் திரும்பவில்லை. "செல்வி" என்றாள். கையை வைத்தே கண்டுகொண்டாள். நான் பேசவில்லை, பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

கொஞ்சம் கழித்து, "தொட்டே. சொல்லலியே?" என்றாள்.

"என்னத்த?"

"கோன்னு. சொல்லலேன்னா ஃபவுல் இல்லியா?"

என்னால் சொல்ல முடியவில்லை. கோ என்றால் எழுந்து ஓடு. போ என்றுதான் அதற்குப் பொருள் என்று அவளே ஒரு நடுவரிடம் வாதாடியிருக்கிறாள். அந்த அறையில், அந்தப் படுக்கையில் கிடப்பவளிடம் எப்படி அதைச் சொல்வேன்? "நக்கோ ரேவதி" என்றேன். அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. "பாரு, உன் தமிழும் கெட்டுப்போச்சு" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். கிளம்பும்போது "வரேன்" என்றேன். "யேத்தே" என்றாள் அவள். படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கிளம்புகிறவள் நான், படுத்திருப்பவள் எதற்கு வரேன் சொன்னாள்? திரும்ப மேலே ஏறிப் போனேன். தூங்கியிருந்தாள். அதற்குப் பிறகு ஷீத்தலின் அந்த இரண்டு சொற்கள்தான்.

வாகட் வீட்டில் அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மணிப்பூரிலிருந்து தோம்பியால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. ஷீத்தல் கைபேசியை நீட்டிப் பிடித்திருந்தாள், அதற்குள் தோம்பியின் முகம். ரேவதி மல்லாந்து படுத்திருந்தாள். நான் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் தோளுக்கு அடியில் கையை நுழைத்து முதுகைத் தொட்டேன். மெதுவாகச் சொன்னால் செல்லாது என்பது எனக்குத் தெரியும். உரக்கவே சொன்னேன். "கோ!"

கூடத்தில் இருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஷீத்தல் மட்டும் வாய்விட்டு அழுதாள், கைபேசிக்குள் தோம்பியும். அந்தக் கூடத்தில் ஃபவுல் இல்லாமல் ஆடினோம் என்பது எங்கள் மூவருக்குத்தான் தெரியும்.

அவளுடைய நினைவாக நான் எந்தப் பொருளையும் கேட்டு வாங்கவில்லை. எனக்கு வேண்டியது வேறு. கோ சொன்னவள், எழுந்து போனவளின் இடத்தில் உட்கார வேண்டும். அதுதான் விதி. அந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாகட்டுக்குப் போனேன். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் கார்களுக்கு நடுவே வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தது. நாற்காலி கொண்டுவரட்டுமா என்று ஒருத்தி கேட்டாள். நக்கோ என்றேன். போய் அந்த இடத்தில் குந்தினேன். முழங்கால் முனகியது. பின்னால் காலடிச் சத்தம் ஓடிவருவது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோவையிலிருந்து அந்த மாதம்தான் வந்திருந்த ஒரு பிள்ளை, யாரிடமும் பேச மாட்டேன் என்கிறாள் என்று அவள் அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளை, என் முதுகில் பளீரென்று ஓர் அறை வைத்து, "போ!" என்று கத்தினாள்.

எழுந்து ஓடினேன்.